பதினைந்து நாளில் மசாஜ் தெரபிஸ்ட் ஆகிவிட முடியுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மசாஜ் தெரபியைத் தொழிலாகக் கற்றுக்கொள்ள நினைக்கிறவர்கள் சந்தேகங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நானும் தண்டையார்பேட்டையில் பிறந்தவள்தான். இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன், கடைசி எட்டு வருடமாகச் சொல்லியும் கொடுக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள், அதனால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

ப்ளஸ் டூ முடித்துவிட்டு எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் வேலை செய்கிறேன். ஸ்பா தெரபிஸ்ட் கோர்ஸ், பதினைந்து நாளில் சர்டிஃபிகேட், வேலை உறுதி என்று ஒரு இடத்தில் சொல்கிறார்கள். ஃபீஸ் கட்ட அம்மாவின் கம்மலை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். சேரலாமா அக்கா?
– வாசகி, வியாசர்பாடி

கம்மலை வைக்காதே தங்கச்சி. முதலில் அந்தப் பதினைந்து நாளைக் கணக்குப் போட்டுப் பார். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 60 மணி நேரம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இந்த வேலைக்கு லைசென்ஸ் வாங்க 1000 மணி நேரம் படித்திருக்க வேண்டும், அங்கே பல மாநிலங்களில் 500 மணி நேரத்துக்குக் குறைந்தால் பரீட்சை எழுதவே விட மாட்டார்கள். நம் நாட்டில் மசாஜ் தெரபிஸ்டுக்கு என்று அப்படி ஒரு கட்டாய லைசென்ஸ் கிடையாது. அதனால்தான் மாடியில் இரண்டு கட்டில் போட்டு வெளியே ‘அகாடமி’ என்று போர்டு வைக்க யாராலும் முடிகிறது.

நீவுவது, பிசைவது, அழுத்தித் தேய்ப்பது, தட்டுவது, அதிர விடுவது, இந்த ஐந்தும்தான் ஸ்வீடிஷ் மசாஜின் அடிப்படை. சூட்டிகையான பெண்ணுக்கு இந்த ஐந்தும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அந்தப் பதினைந்து நாள் இடத்திலும் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள், பொய் சொல்லவில்லை. ஆனால் உன் கைக்குக் கீழே இருப்பது என்ன என்று யார் சொல்லிக்கொடுப்பது? கழுத்தின் முன்பக்கம் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஓடுகிறது, அங்கே அழுத்தக் கூடாது. முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் பள்ளமும் அக்குளும் அப்படித்தான், நரம்பும் ரத்தக்குழாயும் தோலுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. விலா எலும்பு முடிகிற இடத்தில், முதுகுப் பக்கம், சிறுநீரகம் இருக்கிறது, அங்கே ஓங்கித் தட்டக் கூடாது. முதுகுத்தண்டு எலும்பின் மேலேயே கட்டைவிரலை வைத்து அழுத்துகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், தண்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற சதைதான் நமக்கு வேலை செய்கிற இடம், எலும்பு இல்லை.

அப்புறம் ஆட்கள். பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், நீ எவ்வளவு அழுத்தினாலும் வலிக்கிறது என்று சொல்லவே மாட்டார், எண்ணெய் கொதித்தாலும் தெரியாது. இதய ஆபரேஷன் ஆகி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறவருக்குக் கொஞ்சம் அழுத்தினாலே கன்றிப்போகும். காய்ச்சல், ஆறாத புண், தோலில் பரவுகிற படை, ஆபரேஷன் தையல், எலும்பு தேய்ந்த வயதான அம்மாக்கள், முதல் மூன்று மாத கர்ப்பிணி, ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் இருக்கிறது, அந்தப் பதில் பாதி நேரம் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்பதுதான். எங்கே, எப்போது கை வைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் நாம் ஃபீஸ் கட்டுகிறோம். ஒரு கோர்ஸ் நல்லதா இல்லையா என்று நான் பார்ப்பதும் இதை வைத்துத்தான்.

ஆகவே நேரில் போ, போய் நான்கு விஷயம் கேள். உடற்கூறியல் வகுப்பு உண்டா, அதை எடுப்பவர் என்ன படித்தவர். பிராக்டிகலில் எத்தனை விதமான உடம்பில் பழக விடுவார்கள், கூடப் படிக்கிற மூன்று பேரின் முதுகிலேயே கோர்ஸ் முடிந்துவிடுமா. நீயும் கட்டிலில் படுத்து வாங்கிக்கொள்வது பாடத்தில் உண்டா (இது ரொம்ப முக்கியம், அழுத்தம் எப்போது சுகம், எப்போது வலி என்று தன் உடம்பில் தெரியாதவர் அடுத்தவர் உடம்பில் தடவித்தான் பார்ப்பார்). கடைசியாக, சர்டிஃபிகேட்டை அவர்களே அச்சடித்துக் கொடுக்கிறார்களா, வெளியிலிருந்து ஒருவர் வந்து மதிப்பீடு செய்து கொடுக்கிறார்களா. மத்திய அரசின் திறன் பயிற்சிக் கட்டமைப்பில் அழகுக்கலை, வெல்னஸ் துறைக்கென்று தனி கவுன்சில் இருக்கிறது, அதில் ‘அசிஸ்டென்ட் ஸ்பா தெரபிஸ்ட்’, ‘ஸ்பா தெரபிஸ்ட்’ என்று இரண்டு பணிகளுக்குப் பாடத்திட்டமும் தேர்வும் வைத்திருக்கிறார்கள். நீ சேரும் இடம் அதில் பதிவு செய்திருக்கிறதா என்று கேள். ‘வேலை உறுதி’ என்பதை எழுதித் தரச் சொல், அப்போது குரல் மாறும், பார்.

இன்னொரு வழியும் சொல்கிறேன், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிவதே இல்லை. ப்ளஸ் டூவில் அறிவியல் பாடம் எடுத்திருந்தால், இந்திய மருத்துவம் மற்றும் ஹோமியோபதித் துறை நடத்துகிற இரண்டரை வருட நர்சிங் தெரபி டிப்ளமோ இருக்கிறது. சித்த மருத்துவத்தின் வெளிச் சிகிச்சைகளைச் செய்து கொடுக்கிற தெரபிஸ்டுக்கான படிப்பு, அரசுப் படிப்பு. அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்தில் போய் விசாரி. வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறி சென்ட்ரல் வந்தால் அங்கிருந்து அரும்பாக்கத்துக்கு மெட்ரோ, ஒரு நாள் லீவு போட்டால் போதும். அதே வளாகத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, அது ஐந்தரை வருட மருத்துவப் பட்டம், அது வேறு பாதை. டிப்ளமோ அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கக் கொடுக்கிற நாள் குறைவாக இருக்கும், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் கையில் தயாராக இருக்கட்டும். அதுவரை கடை வேலையை விடாதே.

என் மகளுக்கு இந்த வேலையில் ஆசை. சொந்தக்காரர்கள் ‘ஸ்பாவா, பொண்ணை எங்கே அனுப்புறே தெரியுமா’ என்று கேட்கிறார்கள். செய்தியில் வருவதும் ரெய்டு, கைது என்றுதான் இருக்கிறது. எனக்குத் தூக்கமே வரவில்லை.
– ஒரு அம்மா, தண்டையார்பேட்டை

அம்மா, என் அம்மாவும் இதையே கேட்டுத்தான் அழுதார்கள். ஐந்து வருடம் நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெருவில் சொல்லாமலே இருந்தார்கள், ‘ஆஸ்பத்திரி வேலை’ என்று மட்டும் சொல்வார்கள். அந்த வலி எனக்குத் தெரியும், உங்கள் பயம் நியாயமானது, கெட்ட இடங்கள் இருக்கின்றன, அதை மறைத்து உங்களுக்குப் பதில் எழுத மாட்டேன். ஆனால் அந்த இடங்களுக்கு வெளியே இதே கையால் கௌரவமாகச் சம்பாதித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, கொருக்குப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனத்தை விட்டு வெளியே வந்த பெண்களும் என்னோடு வேலை செய்கிறார்கள். ரெய்டு நடந்தால்தான் செய்தி. ஒரு பெண் காலை பத்து மணிக்கு வந்து, பக்கவாதம் வந்தவரின் தோளை நீவிவிட்டு, மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போவதை யார் எழுதப்போகிறார்கள்?

மகளை வேலைக்கு அனுப்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை அந்த இடத்துக்குப் போங்கள், பகலில் போங்கள், சொல்லாமல் போங்கள். மாநகராட்சி உரிமம் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறார்களா பாருங்கள். வருகிறவரிடம் உடம்பு விவரம் கேட்டு ஃபாரம் எழுதி வாங்குகிறார்களா பாருங்கள். சர்க்கரை உண்டா, பி.பி. உண்டா, ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று கேட்காத இடம் சிகிச்சை செய்கிற இடம் இல்லை. துணி போர்த்தும் முறை என்ன என்று கேளுங்கள். ஒழுங்கான தெரபிஸ்ட், எந்தப் பகுதியில் வேலை செய்கிறாரோ அதை மட்டும் திறந்து, மற்ற உடம்பு முழுக்கத் துணியால் மூடியே வைத்திருப்பார், இடுப்புத் துணி எடுக்கவே எடுக்கப்படாது, கதவுக்கு உள்தாழ் இருக்காது. தெரபிஸ்டுக்கு மறுக்கிற உரிமை உண்டா என்பதுதான் கடைசிக் கேள்வி, எனக்கு அதுதான் முதல் கேள்வி. யாராவது தப்பாகப் பேசினால், பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்தால், மேனேஜர் யார் பக்கம் நிற்பார்? ‘கஸ்டமரை அனுசரித்துப் போகணும்’ என்று ஒரு வார்த்தை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை இடத்தில் பெண்களைத் தொல்லை செய்வதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்பாவுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள் புகார்க் குழு வைத்தே ஆக வேண்டும், அதற்குக் குறைவான இடத்தில் வேலை செய்கிறவர்கள் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்கலாம். வாடிக்கையாளர் செய்கிற தொல்லையும் இதில் வரும். கேமரா விஷயம் பலர் கேட்கிறார்கள். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஸ்பாக்களில் சிசிடிவி வைக்கச் சொல்லி ஒரு உத்தரவு வந்தது, அடுத்த மாதமே மதுரைக் கிளையில் இன்னொரு நீதிபதி அது அந்தரங்க உரிமையைப் பாதிக்கும் என்றார். என் அனுபவத்தில் வரவேற்பிலும் நடைவழியிலும் கேமரா இருப்பது பெண்களுக்கு நல்லது, சிகிச்சை அறைக்குள் கூடவே கூடாது.

சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் மகளின் கையால் ஒருநாள் உங்கள் காலைப் பிடித்துவிடச் சொல்லுங்கள்.

எங்கள் அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் எல்லோருக்கும் சுளுக்கு எடுப்பார். நானும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நான் எதற்குத் தனியாகப் போய்ப் படிக்க வேண்டும்?
– வாசகர், காசிமேடு

தம்பி, உங்கள் அப்பா மாதிரி ஆட்களின் கையை நான் கும்பிடுகிறேன். சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 என்று சொல்வார்கள், அதில் தொக்கணம் என்பதுதான் நாம் செய்கிற வேலை. அதில் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். உங்கள் அப்பாவிடம் இந்தப் பெயர்களைப் படித்துக் காட்டுங்கள். பாதிக்கு மேல் அவர் பெயர் தெரியாமலே செய்துகொண்டிருப்பார். வலை இழுத்து இழுத்துத் தோள் பிடித்துக்கொண்டவருக்கு எந்த இடத்தில் முடிச்சு இருக்கும் என்று அவருக்குத் தெரிகிற அளவு எந்த கோர்ஸிலும் தெரியாது.

ஆனால் ஒரு சம்பவம் சொல்கிறேன், நான் தப்பு செய்த சம்பவம். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஏலம் எடுக்கிற ஒரு அண்ணன் காலையிலேயே வந்தார். ‘முதுகுல வாயு புடிச்சிக்கிச்சு, தோள்பட்டை வரைக்கும் இழுக்குது, நல்லா தட்டி விடு’ என்றார். சட்டை நனைந்திருந்தது, வெயிலில் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எண்ணெயைச் சூடு பண்ணிக் கையில் ஊற்றியும் விட்டேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா அந்தப் பக்கமாக வந்தவர், அந்த அண்ணனின் முகத்தை ஒரு தரம் பார்த்தார், கையைத் தொட்டுப் பார்த்தார், ஜில்லென்று இருந்தது. ‘ஆட்டோ கூப்பிடுடி’ என்றார். அப்போது 108 எல்லாம் வரவில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், இன்றும் எங்கேயாவது பார்த்தால் நின்று பேசுவார், எனக்குத்தான் அந்த எண்ணெய்க் கையை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. நம் ஊரில் எத்தனை பேர் ‘வாயுப்பிடிப்பு’ என்று சொல்லித் தட்டிவிட்டுக்கொண்டே நேரத்தைத் தொலைத்திருக்கிறார்கள். நெஞ்சிலோ முதுகிலோ இறுக்கம், இடது தோள், கை, தாடை என்று பரவுகிற வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குவது, இதில் இரண்டு சேர்ந்து வந்தாலும், நெஞ்சு இறுக்கம் தனியாக வந்தாலும் கை வைக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று கால். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாக, தொட்டால் வலியாக இருந்தால், முக்கியமாக ஆபரேஷன் ஆகியோ காய்ச்சலிலோ பல நாள் படுத்தே கிடந்தவராக இருந்தால், உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அதை நீவினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும், ஆள் அங்கேயே போய்விடலாம். சுளுக்கு என்று வருகிற கணுக்காலும் அப்படித்தான். காலை ஊன்றி நாலு அடி வைக்க முடியவில்லை, எலும்பைத் தொட்டாலே துடிக்கிறார் என்றால் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அப்பாவின் கையோடு இந்தப் படிப்பும் சேர்ந்தால், தம்பி, உங்களைப் போல ஒரு தெரபிஸ்ட் இந்த ஊரில் இருக்க மாட்டார்.

இரண்டு வருடமாக ஸ்பாவில் வேலை. இப்போது கட்டைவிரல் மூட்டு வலிக்கிறது, காலையில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. வேலையை விட்டுவிடலாமா?
– வாசகி, கொடுங்கையூர்

முதலில் ஒரு எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். விரல் மரத்துப்போகிறது, இரவில் மணிக்கட்டு குத்துகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

வேலையை விட வேண்டாம், வேலை செய்கிற விதத்தை மாற்ற வேண்டும். இந்தத் தொழிலை விட்டுப் போகிற நிறையப் பெண்கள் கட்டைவிரலால்தான் போகிறார்கள், அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய விஷயம் இது. அழுத்தம் கையிலிருந்து வரக் கூடாது, காலிலிருந்து வர வேண்டும். ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே வைத்து நின்று, பின்னங்காலை ஊன்றி உடம்பின் எடையை முன்னால் சாய்த்தால் அழுத்தம் தானாக இறங்கும், தோளை இறுக்கி அழுத்த வேண்டிய தேவையே இருக்காது. இடுப்பை வளைத்துக் குனியாதீர்கள், முழங்காலை மடக்குங்கள். மணிக்கட்டு முழங்கையோடு நேர்கோட்டில் இருக்கட்டும். பெரிய சதைகளுக்கு, தொடை, முதுகு, இடுப்பு, முன்னங்கையைப் பயன்படுத்துங்கள், வருகிறவருக்கும் அதுதான் சுகம். கட்டைவிரலைச் சின்ன இடத்துக்கு மட்டும் வையுங்கள், அப்போதும் மற்ற விரல்களை அதற்கு முட்டுக்கொடுத்து.

கட்டிலின் உயரத்தைப் பாருங்கள். பக்கத்தில் நேராக நின்று கையைத் தொங்கவிட்டு விரலை மடக்கினால் விரல் முட்டி கட்டிலைத் தொட வேண்டும். எல்லோருக்கும் ஒரே உயரக் கட்டில் போட்டிருக்கிற இடங்களில் குள்ளமான பெண்களுக்குத்தான் முதலில் தோள் போகிறது. உங்களுக்கு ஒரு மரப்பலகை போட்டு ஏறி நிற்கச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். நான் ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு மேல் எடுப்பதில்லை, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் பதினைந்து நிமிடம். ஆள் வராத நேரத்தில் உட்காரவும் விடாத இடமாக இருந்தால், கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்.

என் தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கை ரொம்ப நுணுக்கம். அவன் இதைப் படிக்க முடியுமா?
– வாசகி, திருவொற்றியூர்

தாராளமாக முடியும். ஜப்பானில் 17-ஆம் நூற்றாண்டிலேயே சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்ற வைத்தியர், தன்னைப் போன்றவர்களுக்கு அக்குபஞ்சரும் மசாஜும் கற்றுக்கொடுக்கப் பள்ளிகள் தொடங்கினார், இன்றும் அங்கே பார்வையற்றோர் பள்ளிகளில் அது தொழிற்பாடமாக இருக்கிறது. நம் நாட்டிலும் டெல்லியில் பார்வையற்றவர்களுக்கு மசாஜ் பயிற்சி கொடுக்கிறார்கள். நமக்குக் கிட்டத்தில் பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடு உடையவர்களுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. என்னென்ன தொழிற்பயிற்சி நடக்கிறது, எங்கே அனுப்புவார்கள் என்று அங்கே போய்க் கேளுங்கள், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

என் வகுப்பில் ஒரு பார்வையற்ற பையன் படித்தான். சதையின் ஓரத்தை, அது எலும்போடு சேர்கிற இடத்தை, அவன் விரல் கண்டுபிடிக்கிற வேகம் மற்ற பிள்ளைகளுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. அவனுக்குக் கஷ்டமாக இருந்தது தோல் பிரச்சினைகள்தான், சிவந்திருக்கிறதா, படை இருக்கிறதா என்பது கண்ணால் பார்க்கிற விஷயம். அதற்கு ஒரு வழி செய்தோம், ஆரம்பிக்கும் முன் கூட வேலை செய்கிறவர் ஒருவர் பார்த்துச் சொல்லிவிடுவார். உங்கள் தம்பி வேலைக்குச் சேரும் இடத்திலும் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

வளைகுடாவில் ஸ்பா வேலை, இப்போதைக்கு விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். போகலாமா?
– வாசகி, பெரம்பூர்

போகாதீர்கள். விசிட் விசாவில் வேலை செய்தால் அங்கே உங்களைக் காப்பாற்ற ஒரு தாளும் இருக்காது. ஏஜென்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே விஷயம் புரிந்துவிடும். பத்தாவது பாஸ் செய்யாதவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி வேண்டும், அந்தப் பாஸ்போர்ட்டில் போகிற பெண்களுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, 1978-லிருந்து நடக்கிறது, ஏஜென்டிடம் போவதற்கு முன் அங்கே ஒருமுறை ஏறி இறங்குங்கள்.

எங்கள் ஆயா பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்த் தாய்க்கும் குழந்தைக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார். இப்போது முடியவில்லை, நான் தொடரலாம் என்று இருக்கிறேன். இதற்கும் பயிற்சி வேண்டுமா?
– வாசகி, புளியந்தோப்பு

வேண்டும், ஆனால் உங்களுக்குப் பாதிப் பயிற்சி வீட்டிலேயே இருக்கிறது. இதமான சூட்டில் எண்ணெய், காலை நீட்டி அதன் மேல் குழந்தையைப் படுக்க வைத்து மெதுவாக நீவுவது, தாயின் இடுப்பையும் காலையும் பிடித்துவிடுவது, இதெல்லாம் பொக்கிஷம், விட்டுவிடாதீர்கள். சிலவற்றை மட்டும் ஆயாவோடு நிறுத்திவிட வேண்டும், அவர் மேல் மரியாதை குறைந்து சொல்லவில்லை. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது, மூக்கில் விட்டது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். மூக்கிலோ வாயிலோ ஊதிச் சளி எடுக்கக் கூடாது. பச்சைக் குழந்தையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுக்கக் கூடாது, சீழ் பிடிக்கும். தொப்புளில் எதையும் வைக்கக் கூடாது. சாம்பிராணிப் புகையை முகத்துக்கு நேராகக் காட்ட வேண்டாம். தலையைத் தட்டி உருட்டி வடிவம் கொண்டுவர முயல வேண்டாம். குறைமாதக் குழந்தை, காய்ச்சல் குழந்தை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொடணும். தாய்க்கு சிசேரியன் ஆகியிருந்தால் தையல் ஆறி டாக்டர் சொல்லும் வரை வயிற்றில் கை வைக்காதீர்கள். கால் ஒரு பக்கம் வீங்கியிருந்தால், காசிமேட்டுத் தம்பிக்கு மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள், பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த ரத்தக்கட்டி வருகிற வாய்ப்பு அதிகம்.

பாக்ஸிங், ஃபுட்பால் ஆடுகிற பசங்களுக்கு மசாஜ் செய்கிற வேலைக்குப் போக ஆசை. பிசியோதெரபி படிக்கணுமா?
– வாசகர், ராயபுரம்

அடிபட்டதைப் பரிசோதித்து என்ன பிரச்சினை என்று கண்டுபிடித்து, உடற்பயிற்சி கொடுத்து மைதானத்துக்குத் திருப்பி அனுப்புவது பிசியோதெரபிஸ்டின் வேலை, அதற்குப் பட்டப்படிப்பு வேண்டும். ஆடுவதற்கு முன்னும் பின்னும் சதையைத் தயார் செய்வது, தளர்த்துவது நம் வேலை. வயதும் வசதியும் இருந்தால் பட்டமே படியுங்கள். இல்லையென்றால் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்டின் கீழே மசாஜ் தெரபிஸ்டாகச் சேருங்கள். அடிபட்ட சதை புதிதாக வீங்கியிருக்கும்போது முதல் இரண்டு மூன்று நாள் அதைப் பிசையக் கூடாது என்பதை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் கோர்ஸ் ஆரம்பிக்கிறது. என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் அக்கா?
– வாசகி, எண்ணூர்

நகவெட்டி. உள்ளங்கையை உங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தால் விரல் நுனிக்கு மேலே நகம் தெரியக் கூடாது. மோதிரம், வளையல் வேலை நேரத்தில் கிடையாது. தோள் இறுக்காத இரண்டு காட்டன் உடுப்பு, முழங்கைக்கு மேலே நிற்கிற கையோடு. இரண்டு பெரிய டவல். எண்ணெய் ஊறிய டவலைச் சுருட்டிக் குவித்து மூலையில் போடாதீர்கள், துவைத்துக் காய வைத்தபின்னும் எண்ணெய் தங்கியிருந்தால் குவியலுக்குள் சூடு ஏறித் தானாகத் தீப்பிடிக்கும். வெந்நீரில் அலசி, நன்றாக விரித்துப் போடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. கோர்ஸில் நீங்கள் கை வைக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். வயது, என்ன வேலை செய்கிறார், எங்கே வலி என்றார், நீங்கள் தொட்டுப் பார்த்தபோது எங்கே இறுக்கமாக இருந்தது, அடுத்த நாள் அவர் என்ன சொன்னார். பாதாம் எண்ணெய் போன்றவை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதையும் கேட்டு எழுதுங்கள். என் முதல் நோட்டு இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது, முதல் பக்கத்தில் என் அம்மாவின் முழங்கால்.